திருவாதிரை மங்கிய தை மாதம்

எங்கள் பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நட்சத்திரம் உண்டு. அது வானத்தில் எங்கே இருக்கிறது என்று மட்டும் யாருக்கும் தெரியாது. கோயிலில் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். ரோகிணி, மகம், அனுஷம் என்று தயங்காமல் சொல்வார்கள். குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே நட்சத்திரம் தெரிந்துவிடும். அதே பெயரில் ஒன்று தலைக்கு மேலே எரிந்துகொண்டிருக்கிறது, வாருங்கள் காட்டுகிறேன் என்று கூப்பிட்டால், "அதுவும் இதுவும் ஒண்ணுங்களா சார்?" என்று சந்தேகமாகக் கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். இதில் எனக்கு நெடுநாள் எரிச்சல் உண்டு.

நான் அரியலூரை ஒட்டிய ஒரு சிமெண்ட் ஆலையில் கில்ன் பிரிவில் வேலை பார்க்கிறேன். கில்ன் என்பது படுக்கைவாட்டில் மெதுவாகச் சுழலும் பெரிய இரும்புக் குழாய். ஒரு முனையில் சுண்ணாம்புக்கல் மாவு உள்ளே போகும், மறுமுனையில் நெருப்பு. அந்த நெருப்பை வெறும் கண்ணால் பார்க்க முடியாது. நீலக் கண்ணாடியைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொள்ள வேண்டும். சிவந்து தெரிந்தால் சூடு போதாது, வெளுத்துத் தெரிந்தால் சூடு ஏறிவிட்டது என்று அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நூலகத்தில் ஒரு வானியல் புத்தகத்தைப் புரட்டியபோது, நட்சத்திரங்களையும் இப்படித்தான் வகை பிரிக்கிறார்கள் என்று தெரிந்தது. நீலம் அதிகச் சூடு, அதற்கடுத்து வெள்ளை, பிறகு மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் சிவப்பு. சூரியன் மஞ்சள் ரகம், நடுத்தரம். படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். சம்பந்தமே இல்லாத ஒரு ஊருக்குப் போனால் அங்கே நம் ஆள் ஒருவர் இருந்ததுபோல இருந்தது. அன்றிலிருந்து ஷிஃப்ட் இல்லாத மாலைகளில் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன்.

எங்கள் மாடியிலிருந்து மேற்கே பார்த்தால் ஆலை வெளிச்சம்தான் தெரியும். கிழக்கு கொஞ்சம் பரவாயில்லை. தை மாதம் ஏழரை மணிவாக்கில் கிழக்கில் ஒரு கூட்டம் நல்ல உயரத்தில் நிற்கும். நாலு மூலைக்கு நாலு நட்சத்திரம், நடுவில் நெருக்கமாக மூன்று. வெளிநாட்டார் இதை வேட்டைக்காரன் என்கிறார்கள். எனக்கு அது எப்போதும் கயிற்றுக் கட்டிலாகத்தான் தெரியும். நாலு கால், நடுவில் மூன்று பேர் ஒட்டிப் படுத்திருக்கிறார்கள். அந்த மூவரும் நீல ரகம். கட்டிலின் தென்பக்கத்தில் ஒரு காலுக்கு ரீகல் என்று பெயர். நீலவெள்ளை, அந்தக் கூட்டத்திலேயே பிரகாசமானது. அதற்கு மூலைக்கு மூலையாக எதிரே, வடபக்கத்தில், ஒரு கால் மட்டும் சிவந்திருக்கும். அதுதான் திருவாதிரை. சூட்டில் எல்லோருக்கும் கடைசி, உருவத்தில் பூதம். சூட்டில் குறைவதை அளவில் ஈடுகட்டித்தான் அது அத்தனை வெளிச்சம் கொடுக்கிறது. அதே வடபக்கத்தில் அதற்குத் துணையாக இன்னொரு கால் உண்டு. அது நீலம், வெளிச்சம் சுமார்தான். திருவாதிரையோடு சேர்த்துப் பார்த்தால் கண்ணில் படாது.

வெளிச்சத்தை எண்ணால் சொல்வது பள்ளிக்கூடத்து ரேங்க் மாதிரி. எண் சிறியதாக இருந்தால் பிரகாசம் அதிகம். பெரும்பாலான நட்சத்திரங்களின் ரேங்க் நம் ஆயுசுக்கும் மாறாது. சிலவற்றுக்கு ஏறும், இறங்கும். திருவாதிரை அந்த ரகம். ஏற்ற இறக்கத்தைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். பக்கத்தில் மாறாத நட்சத்திரம் இரண்டை வைத்துக்கொண்டு, இதைவிடக் கூடவா, அதைவிடக் குறைவா என்று நிதானமாகப் பார்த்தால் போதும். பொறுமைதான் வேண்டும். என் மனைவிக்கு அது சுத்தமாகக் கிடையாது. மாடிக்கு வந்து துணியை எடுத்துக்கொண்டு, "இன்னும் அங்கயேதான் இருக்குதா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போவாள்.

என் மகள் பிறந்தது திருவாதிரையில். பெரம்பலூரில் ஒரு வங்கியில் வேலை, தினமும் பஸ்ஸில் போய் வருவாள். கொரோனா வருவதற்கு முந்தைய கார்த்திகையில் குரும்பலூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போடுகிற விவசாயக் குடும்பம், ஒரே பையன், சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. பையனுக்குப் புனர்பூசம். ஜோசியர் பொருத்தம் பார்த்துத் தாராளமாகச் செய்யலாம் என்றார். இரண்டு பேரையும் பேசச் சொன்னோம், பேசினார்கள். மகள் பிடித்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்கிற ரகம் இல்லை. ஆனால் அவனிடமிருந்து போன் வந்தால் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டு தணிந்த குரலில் சிரித்துப் பேசுவாள். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. பூ வைத்து உறுதி செய்தோம். தை கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம் என்று முடிவாயிற்று.

அந்த மார்கழியிலேயே திருவாதிரை மங்கிக்கொண்டு வருவதைக் கவனித்துவிட்டேன். வழக்கமாக, கட்டிலுக்கு மேலே கொஞ்சம் தள்ளி நிற்கும் ரோகிணியைவிடப் பிரகாசமாக இருக்கும். அந்த மாதம் ரோகிணிக்குக் கீழே போய்விட்டது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இத்தனை வருஷத்தில் அவ்வளவு இறங்கி நான் பார்த்ததில்லை. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் பேசாமல் இருந்தேன். பொங்கல் முடிவதற்குள் உலகத்துக்கே தெரிந்துவிட்டது. திருவாதிரை நட்சத்திரம் சாகப் போகிறது, எந்த நேரமும் வெடிக்கும் என்று எல்லோருடைய போனிலும் ஒரு வீடியோ. பின்னணியில் உடுக்கைச் சத்தம் வேறு. ஆலை கேன்டீனில் கூட என்னிடம் காட்டினார்கள். வெடிக்கத்தான் போகிறது, ஆனால் அது நாளையாகவும் இருக்கலாம், லட்சம் வருஷம் கழித்தும் இருக்கலாம் என்று சொன்னேன். லட்சம் வருஷம் என்றதும் அவர்களுக்குச் சுவாரசியம் போய்விட்டது.

அந்த வீடியோ குரும்பலூருக்கும் போயிருக்கிறது. ஒரு சாயங்காலம் பையனின் அம்மா போன் செய்தார். கல்யாணம் பேசிய நாளிலிருந்து என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். நானும் தங்கச்சி என்பேன்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணோட நட்சத்திரம் மங்கிட்டு வருதாமே. நெசமாங்களா?"

பொய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். என்னால் முடியவில்லை. வானத்தில் உண்மையாக நடந்துகொண்டிருப்பதை, அதுவும் நான் கண்ணால் பார்த்ததை, இல்லை என்று எப்படிச் சொல்வது?

"நெசந்தாங்க. ஆனா அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. நேர்ல வந்து சொல்றேன்," என்றேன்.

போனை வைத்ததும் என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "மங்கலனு சொன்னா ஒங்க வாய் கோணிப்போயிடுமா?" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பெரம்பலூர் போய், அங்கிருந்து துறையூர் பஸ் பிடித்து, குரும்பலூரில் இறங்கினேன். பொழுது சாய்ந்திருந்தது. கூடத்தில் பையனின் அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். வாங்க என்று சொல்லி நாற்காலியைக் காட்டிவிட்டுத் திரும்பவும் டிவியைப் பார்க்கத் தொடங்கினார். நல்ல மனிதர். யாருக்கும் ஒரு கெடுதல் செய்ய மாட்டார். பையன் வார விடுமுறைக்கு வந்திருந்தான். எழுந்து நின்று வணக்கம் சொல்லி, சாப்பிட்டீங்களா மாமா என்று விசாரித்தான். விஷயத்தைச் சொன்னேன். "எனக்கு இதுலல்லாம் ஒண்ணும் இல்ல மாமா. அம்மாதான். அவங்க சரின்னா சரி," என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்கும் அப்போது அது மரியாதையான பதிலாகத்தான் பட்டது.

அம்மா மாடியில் இருந்தார். மாடி முழுக்க மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது, கால் வைக்க ஒற்றையடிக்குத்தான் இடம். அங்கே நின்றுகொண்டே பேசினோம். நான் பஸ்ஸில் வரும்போது மூன்று வாதங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். மூன்றும் படுத்துவிட்டன.

முதலில், பிறந்த நட்சத்திரம் என்பது அந்த நட்சத்திரமே இல்லை, பிறந்த நேரத்தில் சந்திரன் அந்தப் பக்கமாக நின்றது என்று அர்த்தம், அவ்வளவுதான் என்றேன். ரயில் அரியலூரில் நின்றபோது பிறந்த குழந்தைக்கு அரியலூரில் மழை பெய்தால் என்ன, பெய்யாவிட்டால் என்ன என்று கேட்டேன்.

"அப்ப கோயில்ல திருவாதிரை நட்சத்திரம்னு சொல்லி அர்ச்சனை பண்றமே, அது எதுக்குப் போவுது?" என்றார்.

அடுத்ததற்குப் போனேன். நாம் இப்போது பார்க்கிற வெளிச்சம் அங்கிருந்து கிளம்பியே அறுநூறு வருஷம்போல ஆகிறது, இந்த மங்கல் நம் பிள்ளைகள் பிறப்பதற்கு எவ்வளவோ முன்னால் நடந்து முடிந்த கதை என்றேன். அவர் முகம் இருண்டது.

"அப்ப இந்நேரம் அது செத்தே போயிருக்கும்ங்கிறீங்களா?"

இதற்கு மேல் வாயைத் திறந்தால் கல்யாணம் கையைவிட்டுப் போய்விடும் போல இருந்தது. மூன்றாவது வாதம், இந்த மாதிரி நட்சத்திரங்கள் மங்குவதும் தெளிவதும் வழக்கம்தான் என்பது. அதைச் சொன்னேன்.

"எப்ப தெளியும்?"

"அது யாருக்கும் சொல்லத் தெரியாதுங்க."

பிறகு, "எங்க இருக்குது அது? காட்டுங்க," என்றார்.

இத்தனை வருஷத்தில் என்னிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். என் மகளின் கல்யாணம் அந்தரத்தில் தொங்குகிறது, எனக்கு வந்திருக்க வேண்டியது கவலை. வந்தது உற்சாகம். கட்டிலைக் காட்டினேன். நாலு காலையும் காட்டினேன். சிவப்புக் காலைக் காட்டியதும், "ஆமா, செவப்பா இருக்குது. இத நான் பாத்திருக்கேனே, இதுதான்னு தெரியாது," என்றார். நடுவில் இருக்கும் மூன்றைப் பார்த்துவிட்டு, "மூணு புள்ளைங்க படுத்திருக்குதுங்க," என்றார். அந்தச் சமயத்தில் வடகிழக்கில் புனர்பூசம் மேலே ஏறியிருந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நட்சத்திரம். அதில் பிரகாசமானதைக் காட்டி, உங்கள் பையனுடையது இதுதான் என்றேன். அவர் அதையும் திருவாதிரையையும் மாறி மாறிப் பார்த்தார். யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே சரியான காரியத்தைச் செய்தார். இரண்டையும் ஒப்பிட்டார்.

"எம்புள்ளதுதான் கொஞ்சம் தூக்கலா இருக்குது."

"ஆமாங்க. மத்த வருஷமெல்லாம் திருவாதிரைதான் நல்ல தூக்கலா இருக்கும்."

"அப்ப ஒண்ணு செய்வோம்ணே. நான் வேணாம்னு சொல்லல. நல்ல பொண்ணு. எம்புள்ள நட்சத்திரத்துக்குச் சமமாவது அது தெளிஞ்சு வரட்டும். வந்த மறு முகூர்த்தத்துல கல்யாணம். அதுவரைக்கும் தள்ளி வைப்போம்."

இப்படி ஒரு நிபந்தனையை எந்த ஜோசியரும் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. கோபம் வந்தது. கூடவே, நிபந்தனை எவ்வளவு துல்லியமாக இருக்கிறது என்று வியப்பும் வந்தது. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு வழியும் இல்லை. வீட்டில் சொன்னபோது மகள், "அவரு என்னப்பா சொன்னாரு?" என்று மட்டும் கேட்டாள். அம்மா சொன்னால் சரி என்று சொன்னதைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து ராத்திரி எட்டு மணிக்குள் அந்தம்மாவிடமிருந்து போன் வந்துவிடும். அரியலூரில் தூசி மறைத்தால் குரும்பலூரிலிருந்து சேதி, குரும்பலூரில் மேகம் என்றால் அரியலூரிலிருந்து சேதி. முதல் வாரம், "அப்படியேதான் இருக்குதுங்க" என்பதோடு நின்றது. போகப் போக நுணுக்கம் வந்தது. இரண்டும் ஒரே உயரத்துக்கு வந்த பிறகுதான் ஒப்பிட வேண்டும், தரைக்குப் பக்கத்தில் இருப்பது தானாகவே மங்கலாகத் தெரியும் என்று ஒருமுறை சொன்னேன். அதற்குப் பிறகு வீட்டு வேலையை முடித்துக்கொண்டு, நேரம் கழித்துத்தான் மாடிக்குப் போவார். சிவப்பு நட்சத்திரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் பிரகாசம் கூடுவதுபோலக் கண் ஏமாற்றும். அதை நான் சொல்லவில்லை. அவரே கண்டுபிடித்து, "ரொம்ப நேரம் பாக்கக் கூடாதுண்ணே, பொய் சொல்லுது," என்றார். நிலா வெளிச்சம் அதிகமாக இருக்கும் நாட்களில், இன்று சொன்னால் தப்பாகிவிடும் என்று விட்டுவிடுவார். அந்த வட்டாரத்திலேயே வானத்தைப் பற்றி என்னோடு ஒழுங்காகப் பேசிய ஒரே ஆள், என் மகளின் கல்யாணத்தை நிறுத்தி வைத்திருந்தவர்.

என் மனைவிக்கு இது பொறுக்கவில்லை. "சம்பந்தி பேசுறாங்களா, டிவில வானிலை அறிக்கை வாசிக்கிறாங்களா?" என்பாள். அவள் தன் பங்குக்குக் கீழப்பழுவூர் கோயிலுக்கு மகளை அழைத்துப் போய் அர்ச்சனை செய்து வந்தாள். மகள் வேலைக்குப் போனாள், வந்தாள். மாடிப்படியில் உட்கார்ந்து போன் பேசுவது குறைந்திருந்தது. கேட்டால், அவருக்கு வேலை அதிகம் என்றாள். அவள் இளைத்திருந்தாள். அது எனக்குத் தெரிந்தது, வேதனையாகவும் இருந்தது. என்ன சொல்லித் தேற்றுவது என்றுதான் தெரியவில்லை.

தை போய் மாசி வந்தது. கல்யாணம் நடந்திருக்க வேண்டிய நாள் சத்தமில்லாமல் கடந்தது. திருவாதிரை மேலும் இறங்கியது. ஒரு மாலை வடபக்கத்து இரண்டு கால்களையும் பார்த்துக்கொண்டு நின்றேன். துணைக்கால் என்று சொன்னேனே, அந்தச் சுமாரான நீல நட்சத்திரம், அதுவும் திருவாதிரையும் ஒன்றாகிவிட்டன. நிறத்தில்தான் வித்தியாசம், வெளிச்சத்தில் இல்லை. போன் அடித்தது.

"அண்ணே, பக்கத்துக் காலும் இதுவும் ஒண்ணாயிடுச்சுங்களே," என்றார். "எனக்கே பயமா இருக்குதுண்ணே. அந்தப் புள்ள நல்லா இருக்குதா? ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

நல்லா இருக்கிறாள் என்றேன். அவர் பயப்பட்டது தன் பையனுக்காக என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மகள் மாடிக்கு வந்திருந்தாள். "எவ்ளோப்பா?" என்றாள். உள்ளதைச் சொன்னேன். அவளும் அண்ணாந்து பார்த்தாள். சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டாள். தினமும் நான் கீழே இறங்கிய பிறகு வந்து பார்த்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஏன் மங்கியது என்பதற்கு விஞ்ஞானிகள் அடுத்த வருஷம் காரணம் சொன்னார்கள். திருவாதிரை தன் உடம்பிலிருந்தே கொஞ்சத்தை வெளியே தள்ளியிருக்கிறது, அது ஆறித் தூசியாகி நமக்கும் அதற்கும் நடுவில் நின்றிருக்கிறது, மேற்பரப்பில் ஒரு பக்கம் சூடும் குறைந்திருந்தது என்றார்கள். தூசி மறைத்தால் வெளிச்சம் குறையும் என்று சொல்ல அரியலூர்க்காரனுக்கு ஒரு வருஷ ஆராய்ச்சி தேவைப்பட்டிருக்காது. ஆனால் அந்த மாசியில் இது யாருக்கும் தெரியாது.

மாசி முடிவதற்குள் இறங்குவது நின்றது. பிறகு மெல்ல ஏறத் தொடங்கியது. முதலில் அந்தம்மா நம்பவில்லை, இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். பங்குனி பிறந்த கொஞ்ச நாளில் ஒருநாள் போனை எடுத்ததும், "வந்துடுச்சுண்ணே! எம்புள்ளதும் இதுவும் சரிசமம்!" என்று கத்தினார். நானும் பார்த்துவிட்டுத்தான் நின்றிருந்தேன். முந்தின நாளே சமம் என்று அவர் சொல்லியிருக்கலாம், ஒரு நாள் பொறுத்து உறுதி செய்துகொண்டு சொல்கிறார் என்று புரிந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மகளின் கல்யாணத்துக்காகவா, நட்சத்திரத்துக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மண்டபத்துக்குச் சொல்வதற்குள் ஊரடங்கு வந்துவிட்டது. பஸ் இல்லை, லாரி இல்லை. ஆலையை நிறுத்தினார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு கில்ன் அத்தனை நாள் ஆறிக் கிடந்ததில்லை. ரோட்டோர வேப்ப மரங்கள் ஒரு மழையில் கழுவப்பட்டு, மறுபடி வெள்ளை படியாமல் பச்சையாகவே நின்றன. மேற்கில் ஆலை வெளிச்சம் இல்லை. சித்திரையில் கட்டில் மேற்கே சாய்ந்திருந்தது, திருவாதிரை பழையபடி ரோகிணியைத் தாண்டிக் கனகனவென்று எரிந்தது. அரியலூரிலிருந்து அப்படி ஒரு வானத்தை நான் பார்த்ததே இல்லை. பையன் சென்னையிலிருந்து வந்து வீட்டிலிருந்தபடியே வேலை பார்த்தான். கூட்டம் சேர்க்காமல் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று தளர்த்தியதும், அந்தம்மா வைகாசியில் ஒரு நாள் குறித்து, உங்கள் வீட்டுக் கூடத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சேதி சொன்னார். நான் சந்தோஷமாக மகளிடம் சொன்னேன்.

"வேணாம்ப்பா," என்றாள்.

என் மனைவி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். அந்தம்மா தள்ளி வைத்ததில் கோபமா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

"அத்தை மேல எனக்கு வருத்தமே இல்ல. அவங்க நம்புனாங்க, பயந்தாங்க. அதனால தெனமும் மாடிக்குப் போயி பாத்தாங்க. அவரு என்ன பண்ணாரு? இன்னிக்குப் பாத்தீங்களானு நான் கேக்கும்போதெல்லாம், அம்மா பாக்குறாங்கல்லனு சொல்லுவாரு. மெட்ராஸ்ல வானம் தெரியாதுனு சொன்னாரு, சரின்னேன். இப்ப வூட்லதானே இருக்காரு? தலைக்கு மேலதான மாடி? எத்தன நாளு ஆச்சு வந்து? நம்பிக்கை இருந்தா ஏறிப் போயி பாத்திருக்கணும். நம்பிக்கை இல்லன்னா, இதெல்லாம் ஒண்ணுமில்லம்மான்னு அவங்ககிட்டப் பேசியிருக்கணும். ரெண்டுல ஒண்ணும் செய்யல. எங் கல்யாணம் அங்க தொங்கிட்டு இருந்துச்சுப்பா. ஒருநா கூட அவரு அண்ணாந்து பாக்கல."

அழவில்லை. அழுதிருந்தால் எதையாவது சொல்லிச் சமாதானப்படுத்தியிருப்பேன். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் கரண்டியைக் கழுவப் போய்விட்டாள். எப்போதும் ஏதாவது சொல்கிறவள்.

அன்று மாலை நானே குரும்பலூருக்குப் போன் செய்தேன். சுற்றி வளைக்காமல், மகள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே சொன்னேன். ஒருநாள் கூட அண்ணாந்து பார்க்கவில்லை என்ற இடத்தில் அந்தம்மா லேசாக மூச்சை இழுத்ததுபோல இருந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். இத்தனை நாள் பார்த்ததெல்லாம் வீணா என்று அழுவார் என்றும் எதிர்பார்த்தேன்.

"கோவம்லாம் ஒண்ணும் இல்லன்னு பொண்ணுகிட்டச் சொல்லிடுங்க," என்றார். பிறகு, "எம்புள்ளயோட அப்பாவும் இப்படித்தாங்கண்ணே," என்றார்.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து போன் வரவில்லை. அடுத்த தையில் கட்டில் கிழக்கே ஏறி வந்தபோது எனக்குக் கூப்பிடத் தோன்றியது. சம்பந்தம் இல்லை என்று ஆன பிறகு அவரை எந்த முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.